வராக் கடனும் வழக்கு மன்றமும்

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரத்து வணிகராகிய மார்க்கோ போலோ நம் சோழமண்டலக் கரைக்கு வந்து சென்றார். அராபிய வணிகர் ‘மாபர்’ என்று வழங்கிய இந்நாட்டைப் பற்றி அவர் சொல்லி எழுதுவித்த செய்திகளுள் கடன் வசூலைப் பற்றியதும் ஒன்று. ஒருவன் மற்றொருவனுக்குக் கடன்பட்டிருக்கிறான். பன்முறை கேட்டும் இன்று, நாளை என்று தவணை சொல்லிக் காலம் கடத்துகிறான். கடன் கொடுத்தவன் அவனைக் கண்ட இடத்தில் அவனைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் வரைந்துவிட்டால் போதும். கடனைத் தீர்த்தாலன்றி, அல்லது தக்க பிணை கொடுத்தாலன்றி, அவன் அவ்வட்டத்தைக் கடந்து கால் எடுத்து வைத்தல் ஆகாது. மீறினால் மரண தண்டனை. அந்நாட்டு அரசனே அயல்நாட்டு வணிகன் ஒருவனுக்குக் கொடுக்கவேண்டிய பொருளைக் கொடாது கடத்தி வந்தானாம். ஒருநாள் அரசன் குதிரைமேல் வரும்போது அவ்வணிகன் குதிரையையும் உள்ளடக்கி வட்டமிட்டான். அரசன் அந்த இடத்திலேயே நின்றான். வணிகனுக்குச் சேரவேண்டியது சேர்ந்த பின்னரே அகன்றான். இதனைத் தாமே கண்ணாற் கண்டதாக மார்க்கோ போலோ கூறுகிறார்.

இக்கதையில் அரசனின் நேர்மையை வியப்பவர் பலர். ஆனால் கடன் கொடுத்தவன் கையிலேயே வட்டம் வரையும் உரிமை இருந்தது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இன்று அவ்வுரிமை அவனிடம் இல்லை. வழக்கு மன்றத்திடம் இருக்கிறது. தனி மனிதன் கையிலிருந்து மன்றத்தின் கைக்கு அது எவ்வாறு மாறிற்று, மாறியதால் நாம் பெற்றது யாது, அதற்காக நாம் மேற்கொள்ள வேண்டிய கடமை யாது என்பவற்றை இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய நம் வடசென்னைக் கரையை வைத்தே சொல்ல விரும்புகிறேன். நான் சட்டம் பயின்றவன் அல்லன், பள்ளி ஆசிரியன். எனினும் இப்பொருளைப் பேச எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. அதனை உரிய இடத்தில் சொல்வேன்.

முதலில் திருவொற்றியூரைப் பார்ப்போம். அத்திருக்கோயிலில் ஆண்டுதோறும் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை நடைபெறுவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். சுந்தரர் சங்கிலியாரை மணக்கும்போது, ‘உன்னைப் பிரியேன்’ என்று மகிழ மரத்தடியில் ஆணையிட்டார். அவ்வாணையை மீறி ஊர் எல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்தார் என்பது பெரியபுராணம் கூறும் வரலாறு. அதே சுந்தரரின் வாழ்வில் இதற்கு முன்னரே ஒரு வழக்கும் உண்டு. திருமணப் பந்தலில் வந்து நின்ற முதியவர் ஒருவர், ‘நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் உள்ளது’ என்றார். சுந்தரர் சினந்து ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. கிழிக்கப்பட்டது படி ஓலையே. மூல ஓலை தம்மிடம் உளது என்று முதியவர் அதனை அவைமுன் வைத்தார். பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வருவித்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவையோர் தீர்ப்புச் சொன்னார்கள்.

இந்நிகழ்ச்சியைப் பக்தியோடு படிப்பது ஒரு வகை. சட்ட நோக்கோடு படித்தாலும் அதில் பெரும்பொருள் உண்டு. ஒருவர் உரிமையை மெய்ப்பிக்க மூன்று வழிகளைச் சேக்கிழார் அவையோர் வாயிலாகச் சுட்டுகிறார்: நீண்ட நாள் வழக்கம், எழுதிய ஆவணம், அயலார் சாட்சி. படியைக் கிழித்தாலும் மூலம் பிழைக்கும் என்பதும், கையெழுத்தைக் கையெழுத்தோடு ஒப்பிடவேண்டும் என்பதும் 12ஆம் நூற்றாண்டில் நம்மவர் நன்கு அறிந்திருந்த நெறிகள். ஆகவே, ஆணையின் பெருமையைத் திருவொற்றியூர் மகிழ மரமும், ஆவணத்தின் பெருமையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையும் நமக்குக் கற்பிக்கின்றன. பிற்கால வரலாறு முழுவதும் ஆணையிலிருந்து ஆவணத்தை நோக்கி நடந்த பயணமே எனலாம்.

திருவொற்றியூர்க் கோயிற் கல்வெட்டுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. பல்லவர், சோழர் காலங்களில் அன்பர்கள் நந்தா விளக்குக்காகக் கழஞ்சுக் கணக்கில் பொன் கொடுத்தனர். அப்பொன்னை ஊர்ச் சபையார் ஏற்று, ஆண்டுதோறும் அதன் பலிசையைச் செலுத்தி விளக்கெரிக்க ஒப்புக்கொண்டனர். பலிசை என்பது வட்டிக்கு அக்காலப் பெயர். முதல் இவ்வளவு, வட்டி இவ்வளவு, பொறுப்பு இன்னாருடையது என்பதெல்லாம் கல்லில் வெட்டப்பட்டன. கடனை மறுக்க முடியாத இடத்தில், யாவரும் காண, எழுதி வைத்தனர். கடன் வசூலின் முதற் பாடம் அந்தச் சுவரிலேயே இருக்கிறது.

இனி, கும்பினியார் காலத்திற்கு வருவோம். கோட்டைக்கு வடக்கே கறுப்பர் நகரம் வளர்ந்தபோது கடன் வழக்குகளும் உடன் வளர்ந்தன. சிறு வழக்குகளைச் சாவடியில் அமர்ந்து விசாரிக்கும் வழக்கம் தொடக்க முதலே இருந்தது. 1678இல் ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் அச்சாவடி மன்றத்தைத் திருத்தியமைத்தார். வாரத்தில் இருநாள் அலுவலர் அமர்ந்து, 50 வராகன் வரையிலான உரிமை வழக்குகளைத் தீர்க்க வேண்டும் என்று வகுத்தார். 1688இல் சென்னை நகராட்சியோடு மேயர் மன்றம் தோன்றிற்று. 1726ஆம் ஆண்டின் அரச சாசனம் அதனை மன்னர் பெயரால் நடக்கும் மன்றமாக்கியது.

இம்மன்றத்தில் மீண்டும் ஆணைச் சிக்கல் எழுந்தது. இந்து வணிகர் கோயிலில் வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் என்று மன்றம் கட்டாயப்படுத்தியது. 1736இல் வணிகர் இருவர் அதற்கு மறுத்தனர்; மன்றம் அவர்களைச் சிறையிலிட்டது. மக்களிடையே மனக்கசப்பு மிகவே, ஆளுநர் தலையிட்டு அவர்களை வெளியே விடச் செய்தார். ஒருவன் சத்தியத்திற்கு அஞ்சுவான் என்பதை நம்பி வழக்குத் தீர்ப்பது எவ்வளவு இடர்ப்பாடானது என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது.

1753ஆம் ஆண்டுச் சாசனம் ஏழை வணிகனுக்கு ஒரு நன்மை செய்தது. 5 வராகன் வரையிலான சிறு கடன்களை விரைவாகவும் குறைந்த செலவிலும் தீர்க்கத் தனி மன்றம் ஒன்றை அது ஏற்படுத்தியது. ஐந்து வராகனுக்காகப் பத்து வராகன் செலவழித்து வழக்காடுவார் யார்? சிறு கடனுக்குச் சிறு மன்றம் வேண்டும் என்ற அவ்வெண்ணத்தின் வழியிலேயே 1850இல் சிறு வழக்குகள் மன்றம் தோன்றியது. நம் மக்கள் அதனை ‘ஸ்மால் காஸ் கோர்ட்டு’ என்று அழைத்தனர். 1882ஆம் ஆண்டுச் சட்டம் 2,000 ரூபாய் வரையிலான வழக்குகளை அதற்கு ஒப்படைத்தது.

ஆனால் மன்றத்திற்குப் புறம்பே நடந்த வசூலையும் நாம் மறத்தலாகாது. திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளரைக் குடியேற்றிய ஊர்; காலெட் பேட்டை என்பதே மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. அக்காலத்தில் துணி வாணிகம் முன்பணத்தில் நடந்தது. கும்பினியிடம் வணிகர் முன்பணம் பெறுவர். வணிகரிடம் நெசவாளர் பெறுவர். மழை பொய்த்து அரிசி விலை ஏறினாலும், நூல் விலை உயர்ந்தாலும், தறி நின்றுவிடும், முன்பணம் கடனாகிவிடும். பணம் கொடுத்தவர் சேவகனை நெசவாளி வீட்டு வாசலில் நிறுத்துவதும், அச்சேவகனுக்குரிய படியையும் அக்கடனாளியே கொடுக்க நேர்வதும் அன்றைய நடைமுறை. வட்டம் வரைந்த கோல் இப்போது சேவகன் கைத்தடியாயிற்று. அவ்வளவே வேறுபாடு.

வட இந்தியாவில் ‘தர்ணா’ என்றொரு முறை இருந்தது. கடன் கொடுத்தவன் கடனாளியின் வாசலில் உண்ணாது கிடப்பான். தான் இறந்தால் அப்பழி கடனாளியைச் சேரும் என்று அச்சுறுத்துவான். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் தெய்வக் குற்றத்தைக் காட்டி அச்சுறுத்துவதைக் குற்றமாக்கி, வாசலில் தர்ணா கிடப்பதையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் தந்தது. அதே சட்டத்தில் திருட்டைப் பற்றிய பகுதியில் மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவன் தன் கடிகாரத்தைப் பழுது பார்க்கக் கொடுக்கிறான். பழுது பார்த்தவன் கூலிக்காக அதனைச் சட்டப்படி வைத்திருக்கிறான். உரியவனே வந்து அதனைக் கவர்ந்து சென்றால், தன் கடிகாரத்தையே திருடியவன் ஆகிறான்! கடனாளிக்கும் கடன் கொடுத்தவனுக்கும் ஒரே அளவுகோலை வைக்கச் சட்டம் முற்பட்டது என்பதற்கு இவை சான்று. அடியாளை அனுப்பி மிரட்டுவதும், கடனாளியின் கடையில் தானே புகுந்து பொருளைத் தூக்கி வருவதும் இன்று கடன் வசூல் ஆகமாட்டா. அவை தாமே குற்றங்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி சட்டங்கள் மலிந்த காலம். 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டிற்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. பின்னர்த் துறைமுகமும் எழுந்தது. முகம் அறியாத ஊர்களுக்குச் சரக்குப் போயிற்று. முகம் அறியாதவனிடம் ஆணை வாங்குவது எப்படி? ஆதலின் வணிகத்திற்கு எழுத்தும் சட்டமும் இன்றியமையாதன ஆயின. 1859இல் உரிமையியல் நடைமுறைச் சட்டமும், காலவரைச் சட்டமும் இயற்றப்பட்டன. 1872இல் ஒப்பந்தச் சட்டமும், 1881இல் புரோநோட்டு, உண்டி, காசோலை ஆகியவற்றை ஆளும் சட்டமும் வந்தன. விற்ற பொருளுக்கு விலை பெறாத வணிகன், பொருள் தன் கையில் இருக்கும்வரை அதனைக் கொடாது நிறுத்தி வைக்கலாம். வாங்குவோன் நொடித்துவிட்டான் என்று தெரிந்தால், வழியிற் போகும் சரக்கையும் நிறுத்தலாம். 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டம் இவ்வுரிமைகளைத் தெளிவாக வகுத்துரைக்கிறது.

மன்றம் தீர்ப்பளித்தும் கடனாளி கொடாவிட்டால்? ‘அமீனா வந்தான், ஜப்தி செய்தான்’ என்ற பேச்சை நம் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். 1908ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி அமீனா சூரியன் மறைந்த பின்னும், உதிக்கும் முன்னும் குடியிருக்கும் வீட்டினுள் புகலாகாது. உடுக்கும் துணி, சமைக்கும் பாத்திரம், படுக்கை ஆகியவற்றைத் தொடலாகாது. சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத தாலி போன்ற அணியைத் தொடலாகாது. தொழிலாளியின் கருவிகளைத் தொடலாகாது. இப்பட்டியலை நான் வகுப்பில் மாணவர்க்குச் சொல்வதுண்டு. ‘கடன் வாங்கியவனுக்கு ஏன் ஐயா இவ்வளவு சலுகை?’ என்று அவர்கள் கேட்பார்கள். தச்சனின் உளியைப் பறித்துவிட்டால் அவன் எதைக் கொண்டு உழைத்து எஞ்சிய கடனைக் கட்டுவான்? இது கருணை மட்டுமன்று, கணக்கும் ஆகும்.

கடனுக்காகச் சிறை வைக்கும் வழக்கமும் இருந்தது. கட்டுப்பாடுகளோடு இன்றும் உளது. இதில் ஒரு வியப்பு: சிறையிலுள்ள கடனாளியின் உணவுச் செலவை வழக்கில் வென்றவனே கட்ட வேண்டும். அவன் கட்டத் தவறினால் கடனாளி விடுதலை ஆவான். வராத கடனுக்காக மேலும் செலவழிப்பதா என்று எண்ணியே பலர் பின்வாங்குவர். 1936இல் வந்த திருத்தம், கொடுக்க வசதியிருந்தும் கொடாதவன் போன்றோரை மட்டுமே சிறையிலிடலாம் என்று வரையறுத்தது. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைச் சிறைப்படுத்தலாகாது என்பதும் சட்டம். 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர், வறுமை ஒரு குற்றமன்று என்ற நெறியை நிலைநாட்டினார். கொடுக்க இயலாமை வேறு, கொடுக்க மனமின்மை வேறு என்று பிரித்துக் காட்டினார்.

இயலாதவனுக்குச் சட்டம் திறந்து வைத்த வாயிலே திவால் முறை. ‘மஞ்சள் கடிதாசி கொடுத்துவிட்டான்’, ‘ஐ.பி. கொடுத்துவிட்டான்’ என்று ஊரார் சொல்வது இதனையே. சென்னை நகருக்கு 1848ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1909ஆம் ஆண்டுச் சட்டமும் இதனை வகுத்தன. கடனாளியின் சொத்து முழுவதும் இதற்கென நியமிக்கப்பட்ட ஓர் அலுவலரிடம் ஒப்படைக்கப்படும். கடன் கொடுத்தோர் அனைவர்க்கும் அவர் விகிதப்படி பகிர்ந்து அளிப்பார். 1906 அக்டோபர் 22ஆம் நாள் சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் கம்பெனி பணம் கொடுக்க இயலாது கதவடைத்தபோது, அதில் பணம் போட்டிருந்த குடும்பங்கள் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று. அத்துயரின் விளைவாகவே அடுத்த ஆண்டு வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால் இந்தியன் பாங்கு தோன்றியது. பெரிய பெயரை நம்பிக் கணக்கைப் பாராதிருத்தல் ஆகாது என்பது அன்று சென்னை கற்ற பாடம்.

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டி வடசென்னை தொழிற்பகுதியாக உருமாறியது. 1946இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யும் சிறு கொட்டகையில் தொடங்கியதே பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆயிற்று. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் தொழிற்சாலை அமைத்தது. அதுவே 1955இல் அசோக் லேலண்டு ஆனது. அதே ஆண்டு திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் வண்டித் தொழிலும் தொடங்கியது. இவ்வாலைகளைச் சூழ நூற்றுக்கணக்கான கடைசல் பட்டறைகளும், வார்ப்படப் பட்டறைகளும், இவற்றிற்குப் பொருள் தரும் கடைகளும் பெருகின. பெரிய ஆலை நடுத்தரப் பட்டறைக்கு வேலை தரும். நடுத்தரப் பட்டறை சிறு பட்டறைக்குப் பகிர்ந்தளிக்கும். பணம் மேலிருந்து கீழே வரவேண்டும்; இடையில் எங்கேனும் நின்றுவிட்டால், கடைசியில் இருப்பவனே பட்டினி கிடப்பான்.

இப்போது என் சொந்தக் காரணத்தைச் சொல்கிறேன். நான் இப்பகுதியில் ஆசிரியனாக இருந்தபோது என் மாணவன் ஒருவனின் தந்தையார் இரண்டு லேத்து எந்திரங்கள் வைத்துத் தொழில் நடத்தி வந்தார். 1994ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுத்தரப் பட்டறை ஒன்றிற்கு 48,000 ரூபாய்க்கு வேலை செய்து கொடுத்தார். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்குச் சலானில் ஒப்பம் இருந்தது. பணம் மட்டும் வரவில்லை. ‘சார், இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்’ என்று என்னிடம் வந்தார். எழுதிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்து மற்றொன்று. ஆண்டு கழித்து இன்னொன்று. மொத்தம் நான்கு கடிதங்கள். இலக்கணப் பிழையற்ற, பணிவு நிறைந்த கடிதங்கள் என்று அன்று எனக்குப் பெருமையாகவும் இருந்தது. மறுபுறத்தில் எழுத்தில் ஒரு விடையும் இல்லை. தொலைபேசியில், ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்ற சொல் மட்டும் வந்துகொண்டிருந்தது. நட்புக் கெடலாகாது, அடுத்த வேலை கிடைக்காமற் போகலாகாது என்று அவர் பொறுத்திருந்தார்.

1997 ஜூலையில் இருவரும் பாரிமுனையில் ஒரு வக்கீலைக் கண்டோம். அவர் சலானைப் பார்த்தார், கடிதங்களைப் பார்த்தார். ‘இவை எல்லாம் நீங்கள் எழுதியவை. அவர்கள் கையெழுத்திட்ட தாள் ஏதேனும் உண்டா?’ என்றார். இல்லை. ‘மூன்று ஆண்டுக் காலவரை பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது’ என்றார். நான் எழுதிய கடிதங்கள் கடனுக்கு உயிர் கொடுக்கும் என்று நாங்கள் இருவருமே நம்பியிருந்தோம். கடன் கொடுத்தவன் நூறு கடிதம் எழுதினாலும் காலவரை நீளாது. காலவரை முடியுமுன் கடனாளி ‘இத்தொகை பாக்கி உண்மை’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டால், அந்நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கணக்கிடப்படும். ஒரு பகுதித் தொகையைச் செலுத்தி, செலுத்தியதைத் தன் கையால் எழுதியோ ஒப்பமிட்டோ கொடுத்தாலும் அவ்வாறே. 1963ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டத்தின் 18ஆம், 19ஆம் பிரிவுகள் சொல்வது இதுவே. கெடு கடந்தபின் எஞ்சியிருப்பது ஒன்றே: கடனாளி தானாக முன்வந்து, கொடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். கொடுக்கக்கூடாது என்று இருப்பவன் அதனை ஏன் செய்வான்?

அவர் ஒரு லேத்தை விற்றார். பின்னர் மற்றதையும் விற்றார். மாணவன் பத்தாம் வகுப்போடு நின்று துறைமுகத்தில் வேலைக்குச் சென்றான். அவன் கணக்கில் நல்ல மாணவன். தந்தையார் என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை; வழியிற் கண்டால், ‘வணக்கம் சார்’ என்று முன்போலவே கையெடுப்பார். அந்த வணக்கத்தை ஏற்பது எனக்குக் கடினமாக இருந்தது.

சிறுதொழிலார்க்குக் காலம் தாழ்த்திப் பணம் கொடுப்போர் வட்டியும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று 1993ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்திருந்தது. அதனை அன்று நாங்கள் அறியோம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் அதனினும் வலிமை வாய்ந்தது. குறு, சிறு தொழிலாரிடம் பொருள் பெற்றவர், பேசிய கெடுவுக்குள், எவ்வாறாயினும் 45 நாள்களுக்கு மேற்படாமல், பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். இதற்கென அமைந்த வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். அம்மன்றம் முதலில் சமரசம் செய்யும், இயலாவிடின் நடுவர் தீர்ப்புக்கு வழி செய்யும். அத்தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்குவோர், தீர்ப்புத் தொகையில் 75 விழுக்காட்டைக் கட்டிய பின்னரே எதிர்க்க முடியும். தொழிலைப் பதிவு செய்துகொண்ட பிறகே சரக்குக் கொடுத்தல் நலம்; கொடுத்த பின் பதிவு செய்தால் வழக்கில் தடை எழும்.

ஏனைய வழிகளையும் வரிசைப்படுத்திச் சொல்லி விடுகிறேன். முதலாவது, பில், சலான், கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஒழுங்காக வைத்தல். இரண்டாவது, ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாக்கித் தொகையை எழுதி அனுப்பி, ‘சரி’ என்று வாடிக்கையாளரிடம் ஒப்பம் பெறுதல். மூன்றாவது, வக்கீல் நோட்டீசு. பல கடன்கள் இதிலேயே வசூலாகிவிடும். நான்காவது, காசோலை பணமின்றித் திரும்பினால், வங்கி தெரிவித்த 30 நாள்களுக்குள் எழுத்தில் அறிவிப்புத் தருதல் வேண்டும். அறிவிப்புக் கிடைத்த 15 நாள்களுக்குள் பணம் வாராவிடின், அடுத்த ஒரு மாதத்திற்குள் குற்றவியல் மன்றத்தில் முறையிடலாம். 1989 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த 138ஆம் பிரிவு இதுவே. இரண்டு ஆண்டு வரை சிறையும், காசோலைத் தொகையில் இரு மடங்கு வரை அபராதமும் விதிக்க அது இடம் தருகிறது. ஐந்தாவது, புரோநோட்டு, காசோலை, எழுத்து ஒப்பந்தம் ஆகியவற்றின் மேல் சுருக்கமுறை வழக்கு. இதில் எதிர்வாதி மன்றத்தின் அனுமதி பெற்றாலன்றி வாதாட முடியாது. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் உள்ள வணிக வழக்குகளில், அவசர நிவாரணம் வேண்டினாலன்றி, முதலில் சமரசப் பேச்சுக்குச் செல்வது 2018 முதல் கட்டாயம். மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்ப்பதும் உண்டு. அங்கே கிடைக்கும் முடிவுக்கு மேல்முறையீடு இல்லை.

துறைமுகப் பகுதிக்கே உரிய வழி ஒன்றையும் சொல்ல வேண்டும். கப்பலுக்கு எண்ணெய், உணவுப் பொருள், கயிறு, உதிரிப் பாகம் ஆகியவற்றைக் கொடுத்துவிட்டுப் பணம் பெறாத கடைக்காரர் யாரைத் தேடிப் போவார்? கப்பலின் உரிமையாளர் எந்நாட்டிலோ இருப்பார். கப்பலும் நாளை போய்விடும். இதற்காகவே கப்பலையே பிடித்து நிறுத்தும் அதிகாரம் கடல்சார் வழக்கு மன்றங்களுக்கு உண்டு. சென்னையில் 1801இல் தோன்றிய சுப்ரீம் கோர்ட்டு முதல், 1862இல் அமைந்த உயர் நீதிமன்றம் வரை இவ்வதிகாரம் தொடர்ந்து வந்துள்ளது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் புதுப்பித்தது. மன்றம் ஆணையிட்டால், கடனைத் தீர்த்தாலன்றி, அல்லது பிணை கட்டினாலன்றி, அக்கப்பல் துறையை விட்டு அகலாது. 1892இல் எழுந்த உயர் நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்தில் முன்னாளில் கலங்கரை விளக்கம் எரிந்தது. கப்பலுக்கு வழி காட்டிய கட்டடமே கப்பலைத் தடுத்து நிறுத்தும் ஆணையும் பிறக்கும் இடம்!

மார்க்கோ போலோ கண்ட வட்டம் நினைவுக்கு வருகிறதன்றோ? அரசன் குதிரையைச் சூழ்ந்த கோடும், கப்பலைத் தடுக்கும் ஆணையும் ஒரே கருத்தின் இரு வடிவங்களே. தீர்த்துவிட்டுப் போ, அல்லது பிணை வைத்துவிட்டுப் போ என்பதே இரண்டும் சொல்வது. வேறுபாடு, வரைபவன் யார் என்பதில் உள்ளது. வலியவன் தன் கோலால் வரைந்தால், எளியவன் தச்சு உளியும் வட்டத்திற்குள் போய்விடும். மன்றம் வரையும்போது, உளியும் தாலியும் படுக்கையும் வெளியே நிற்கின்றன. இதற்கு ஈடாக மன்றம் நம்மிடம் இரண்டே கேட்கிறது: எழுத்தைக் காட்டு, காலத்தோடு வா. இவ்விரண்டும் இல்லாதவன் எவ்வளவு நேர்மையாளனாயினும், மன்றத்தின் வாயிலில் வெறுங்கையோடு நிற்க நேரிடும்.

நான் தலைமையாசிரியனாக இருந்த கடைசி ஆண்டுகளில், ஒன்பதாம் வகுப்புக் கட்டுரைப் பாடத்தில் ஒரு பயிற்சியைச் சேர்த்தேன். விடுப்பு விண்ணப்பமும், உறவினர்க்கு எழுதும் கடிதமும் எழுதியபின், மாணவர்கள் ஒரு பாக்கிக் கடிதமும் எழுத வேண்டும். தொகை, தேதி, பில் எண் ஆகியவற்றைக் குறித்து, அடியில் ‘மேற்கண்ட பாக்கி சரி’ என்று எழுதி, எதிராளி கையெழுத்திட இடம் விட வேண்டும். இடம் விடாத மாணவனுக்கு மதிப்பெண் இல்லை. ‘இதெல்லாம் பரீட்சையில் வருமா சார்?’ என்று ஒரு பையன் கேட்டான். வராது என்றேன். ஆனாலும் எழுத வைத்தேன்.